தடைக்காலத்தில் திறக்காத அறை

குலுக்கலில் தோசைக்கல் விழுந்திருக்கிறது, குடும்பத்தோடு வாருங்கள் என்று இன்று ஓர் ஓட்டலுக்கு அழைத்தார்கள். போனால், கல்லைக் கண்ணிலேயே காட்டாமல் பேச்சுதான்.

மொத்தமாகப் பணம் கட்டி உறுப்பினரானால், வருடா வருடம் ஒரு வாரம் கொடைக்கானலில் தங்கலாமாம். விசைப்படகில் போகும் என் மகன் பேனாவை எடுத்துவிட்டான். பிள்ளைகளை எங்கேயும் கூட்டிப் போனதில்லை என்ற ஏக்கம் அவனுக்கு.

பேசிக்கொண்டிருந்த பையனிடம் நான் கேட்டேன்: "தம்பி, மீன்பிடித் தடைக்காலத்துல ரூம் உண்டா? ஏப்ரல் பாதியில இருந்து ஜூன் பாதி வரைக்கும். அப்பதான் எங்க படகு கரையில கெடக்கும்."

"அது சீசன், பாட்டி. இந்தக் கார்டுக்குக் கிடையாது. ஆகஸ்ட்ல போங்க, கூட்டமே இருக்காது."

"எப்படி இருக்கும்? இவன் கடல்ல கெடப்பான், பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருக்கும். நான் ஒருத்தி போயி அங்கன குளிருல நடுங்கவா?"

அவன் மகனிடம் திரும்பி, "சார், பாட்டிக்கு இதெல்லாம் புரியாது" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகன் பேனாவை மூடினான். "எங்கம்மா கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லும்வே."

அவன் மறுபடி ஆகஸ்ட் என்றே ஆரம்பித்தான். எழுந்து வந்துவிட்டோம்.

தூத்துக்குடியில் கடை விரித்துவிட்டு, தடைக்காலத்தில் அறை கிடையாதாம்! வருகிற தடைக்காலத்தில் வாடகை அறை எடுத்தே கொடைக்கானல் போவோம்.

உங்களில் யாருக்காவது அந்தத் தோசைக்கல் கிடைத்ததா? தோசை ஒட்டாமல் வருகிறதா என்றாவது சொல்லுங்கள்.