வேப்பிலையைக் காட்டிக் குடுத்தவன்

இந்தப் பினாங்கு ஊர்ல சர்க்கார் காலையில வீடு தேடி வந்து, நம்ம தண்ணித் தொட்டியை எட்டிப் பாக்குது. ஊர்ல இருக்கிறவங்க நம்ப மாட்டீங்க. நம்ம பக்கம் சர்க்கார்னா வருசத்துக்கு ஒருக்கா தீர்வைக்கு வரும், அதட்டும், போயிடும். இங்க அப்படி இல்ல. காக்கி கால்சட்டை போட்ட ஒரு மனுசர் நீளக் காம்பு வச்ச அகப்பையோட வந்து, தொட்டித் தண்ணியை மொண்டு, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, உள்ள கொசுப்புழு நெளியுதான்னு பாக்குறாரு. அப்புறம் சாக்கடை, சமையக்கட்டு, கக்கூஸ் வாளி, கட்டிலுக்கு அடி. பொண்ணு பாக்க வர்ற மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு துருவ மாட்டாங்க. கப்பல்ல புதுசா வந்திறங்கின ஒருத்தர் இதைப் பாத்துட்டு, "நம்ம வீட்டுக் கொசு மேல இவங்களுக்கு என்னண்ணே இவ்வளவு அக்கறை, ஊர்ல நம்ம மேலயே யாருக்கும் கிடையாதே"ன்னு என்கிட்ட கேட்டாரு. நியாயமான கேள்வி. சிரிச்சு வச்சேன்.

என்கிட்ட ஏன் கேட்டாருன்னா, அந்தக் காக்கிக்காரருக்கு ஒரு அடி பின்னால, நோட்டுப் புஸ்தகத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கிற கறுத்த ஆளு நான்தான். நகரசபை சுகாதார இலாகாவுல எனக்கு மொழிபெயர்க்கிற வேலை. இன்ஸ்பெக்டர் ஒரு சட்டைக்காரர், பாதி வெள்ளை பாதி இந்த ஊரு. எல்லாரும் துவான்னு, அதான் மலாய்ல துரைன்னு, கூப்பிடுவோம். அவரு மலாய்ல சொல்றதை நான் தமிழ்ல சொல்லணும், நம்மாளுங்க தமிழ்ல திட்டுறதை நான் மலாய்ல மரியாதையா மாத்திச் சொல்லணும். என் நாக்கு வன்மைக்காகத்தான் இந்த வேலை கிடைச்சுதுன்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டிருந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, என் மூஞ்சிக்காகன்னு. என் மூஞ்சி பூராவும் அம்மைத் தழும்பு. ஒருக்கா வந்தவனுக்கு மறுக்கா வராது, அதனால எந்த வீட்டுக்குள்ளயும் தைரியமா அனுப்பலாம். அது ஒரு லாபம். இன்னொண்ணு, அம்மை குத்த விட மாட்டேன்னு தாய்மாருங்க பிள்ளையை இறுக்கிப் பிடிச்சா, துவான் என் தாடையைப் பிடிச்சு வெளிச்சப் பக்கம் திருப்புவாரு. "பாருங்க, குத்திக்கலன்னா இப்படித்தான் ஆகும்" அப்படின்னு மலாய்ல சொல்லுவாரு. அதைத் தமிழ்ல நானே சொல்லணும், என்னைப் பத்தி. பாதிப் பேரு உடனே பிள்ளை கையை நீட்டிருவாங்க. இதை வீட்ல பெருமையாச் சொன்னேன். என் சம்சாரம் கனகம் தலையை நிமித்தாம காய் நறுக்கிக்கிட்டே, "ஒரு நிமிசம் பாக்குறவங்களுக்கே அந்தப் பயம்னா, தெனமும் பாக்குற எனக்கு உங்க இலாகா என்ன தரும்?"னு கேட்டா.

தழும்பு வந்த கதை ரொம்பச் சின்னது. எங்க ஊருக்கு அம்மை குத்துறவரு வர்றாருன்னா, அவரு குதிரை வண்டி ஏரிக்கரை ஏறுறதுக்குள்ள ஊரே காலியாயிடும். எங்க அம்மா என்னையும் தம்பியையும் நெல்லுக் குதிருக்குள்ள இறக்கி மூடி போட்டாங்க. மழை பொய்ச்ச வருசம், குதிர்ல நெல்லு இல்ல, அதனால எங்களுக்கு நல்ல விசாலமா இருந்துச்சு. அம்மை குத்துறவரு நாலு கிழவங்களைக் கணக்கெழுதிட்டுப் போனாரு. ரெண்டு மாசத்துல ஆத்தா வந்தா. என்னை விட்டுட்டா, தம்பியைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. எங்க அம்மா கடைசி வரைக்கும் குத்தத்தை ஆத்தா மேலதான் போட்டாங்க, குதிர் மேல இல்ல.

பினாங்குல குதிர் கிடையாது. இங்க அம்மை வந்தா இலாகாவுக்குத் தெரியப்படுத்தணும். வண்டி வந்து ஆளைத் தனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடும், வீட்டுக் கதவுல நோட்டீஸ் ஒட்டி, உள்ள மருந்துத் தண்ணி அடிப்பாங்க. ஆத்தா வந்திருக்கிற வீட்ல தாளிக்கவே கூடாதுன்னு இருக்கிற நம்ம சனம் இதுக்கு ஒத்துக்குமா? மறைச்சாங்க. துவான் எத்தனையோ அஞ்சடியில, அதான் கடைவீட்டு முன்னால நடக்கிறதுக்கு விட்டிருக்கிற தாவாரத்துல, ஏறி இறங்கினாரு. ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. நொந்து போய் நிக்கிறவரைப் பாத்து எனக்கு மனசு கேக்கல. வாய் இருக்கே, அதுவும் கேக்கல. "துவான், எதுக்குத் தொட்டியைப் பாக்குறீங்க, வாசப்படியைப் பாருங்க. வேப்பிலை சொருகியிருந்தா உள்ள அம்மை"ன்னு சொல்லிப்புட்டேன். நல்லா யோசிச்சுப் பாத்தா நம்ம வேப்பிலையும் இலாகா நோட்டீஸும் ஒரே சேதியைத்தான் சொல்லுது, உள்ள வராதேன்னு. நம்மளுது படிக்காதவனுக்கும் புரியும், அவ்வளவுதான் வித்தியாசம். துவான் என் முதுகுல தட்டி, அடுத்த வாரம் எனக்கு ஒரு காக்கித் தொப்பி வாங்கிக் குடுத்தாரு. ஒரு சைஸ் பெருசு. காது ரெண்டும்தான் அதைத் தாங்கிக்கிட்டிருந்துச்சு.

முதல்ல அகப்பட்டது எங்க தெருக் கோடியில இருந்த சலவைக்கார மாரியண்ணன் வீடு. அவரு மகனுக்கு ஏழு வயசு. நான் மொழிபெயர்க்க, வண்டிக்காரங்க பையனைத் தூக்கிட்டாங்க. கூட வர்றேன்னு அவரு சம்சாரம் முத்தக்கா வண்டியைப் பிடிச்சுக்கிட்டு ஓடினாங்க. தாய்க்கு அனுமதி இல்லன்னு நான் சட்டம் பேசினேன். சட்டம் பேசுறதுக்கு அந்தத் தொப்பி ரொம்ப வசதி. பையன் பொழைச்சு மாசக் கடைசியில திரும்பி வந்துட்டான், நல்லபடியா. ஆனாலும் மாரியண்ணன் அதுக்கப்புறம் என் வேட்டியை வெளுக்க மாட்டேன்னுட்டாரு. நான் அழுக்கு வேட்டியோட ஊருக்கெல்லாம் சுத்தம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

வேப்பிலை ரகசியம் வெளியானதும் நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா? கொஞ்ச காலம் அம்மை வந்த வீட்ல இலையைக் கதவுக்கு உள்பக்கமாக் கட்டினாங்க. வராத வீட்லதான் வெளிய தொங்கிச்சு. வந்த மாமியார் மூணு மாசமாப் போகலன்னு ஒரு மாப்பிள்ளை தன் வீட்டு நிலையில தானே ஒரு கொத்தைச் சொருகிட்டு வேலைக்குப் போயிட்டாரு. நாங்க மருந்துத் தண்ணி டப்பாவோட நுழைஞ்சோம். அந்தம்மா அன்னிக்கே மூட்டையைக் கட்டினாங்க. அந்த மாப்பிள்ளை இன்னிக்கும் என்னைக் கண்டா கையெடுத்துக் கும்புடுறாரு. இந்த ஊர்ல என் சேவையால நேரடியாப் பலன் அடைஞ்சவருன்னு அவரைத்தான் சொல்லணும்.

இவ்வளவு சொன்னவன் ஒண்ணை மறைச்சேன். எங்களுக்கு ஒரே பொண்ணு, ராசாத்தி, இங்கயே பொறந்தவ. அவளுக்கு அம்மை குத்த வேண்டிய நாள் வந்துச்சு. ஊரான் பிள்ளைங்க கையை எத்தனை தடவை இறுக்கிப் பிடிச்சிருக்கேன். இவ கையைப் பிடிச்சப்ப, இவ என் மூஞ்சியைப் பாத்துச் சிரிச்சா. என் மூஞ்சியைப் பாத்து சிரிக்கிற பிள்ளைங்க குறைச்சல். குத்துறவரை எதிர்க்கடைக்குக் காப்பி குடிக்க அனுப்பிட்டு, நோட்டுல அவ பேருக்கு நேரா குத்தியாச்சுன்னு நானே எழுதிட்டேன். அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு இருந்தேன். அடுத்த வருசமும் அப்படியே இருந்தேன். கனகத்துக்கிட்ட, இலாகா ஆள் வீட்டுப் பிள்ளைக்கு விலக்கு இருக்குன்னு சொல்லி வச்சேன். அவளும் ஆத்தா புண்ணியம்னு விட்டுட்டா.

ராசாத்திக்கு அஞ்சு வயசு நடக்கும்போது ரெண்டு நாளா உடம்பு சுட்டுச்சு. வெயில்ல ஆடினதுன்னு சொல்லிட்டு மூணாம் நாளும் நான் வேலைக்குப் போனேன். அன்னிக்கு எங்க தெருப் பக்கம் சுத்து. மத்தியானம் போல துவான் முன்னால, நான் பின்னால, அம்மை குத்துறவரு பெட்டியோட அதுக்கும் பின்னால. துவான் சட்டுன்னு நின்னு பிரம்பால ஒரு வாசலைக் காட்டினாரு. பச்சைப் பசேல்னு புதுக்கொத்து. கண்டுபிடிச்ச சந்தோசம் அவரு மூஞ்சியில. கூப்பிட்டுச் சொல்லுன்னு என் பக்கம் திரும்பினாரு. அது என் வீடு.

கனகம் வாசப்படியில நின்னா. ஈரத் தலை, மஞ்சச் சேலை. நான் போனப்புறம் பிள்ளை உடம்புல முத்து போட்டிருக்கு, இவ கோயில்ல போய் இலை ஒடிச்சுக்கிட்டு வந்திருக்கா. என்னைப் பாத்தா, துவானைப் பாத்தா, ரெண்டு கையையும் நிலையில வச்சு வழியை அடைச்சுக்கிட்டா. "ஆத்தா வந்திருக்கா. வெளிய நின்னு கும்புட்டுட்டுப் போகச் சொல்லுங்க உங்க துரையை" அப்படின்னா. பிள்ளைக்குக் கொஞ்சம் காய்ச்சல்னு நான் மலாய்ல சொன்னேன். இவ்வளவு நீளமாப் பேசினது அவ்வளவுதானான்னு துவான் கேட்டாரு. அப்புறம் நோட்டை வாங்கிப் புரட்டி, ராசாத்தி பேருல விரலை வச்சாரு. அவரு மூஞ்சி தெளிஞ்சுச்சு. பொண்ணுக்குத்தான் குத்தியாச்சே, அப்ப இது சின்னம்மையாத்தான் இருக்கும், ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்லயே வச்சுப் பாத்துக்கன்னாரு. எனக்கு நல்லது செய்யுறதா நெனச்சுத்தான் சொன்னாரு, பாவம்.

அங்கயே முடிஞ்சிருக்கும். பிள்ளை வீட்லயே இருப்பா, கனகம் சந்தோசப்படுவா, தொப்பி என் தலையில இருக்கும். நான் வாயைத் தொறக்காம இருந்தாப் போதும். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை நான் வாயை மூடிக்கிட்டு இருக்கவேண்டிய வேலை. ஆனா அம்மை மூஞ்சிக்காரனுக்குப் பெரியம்மை தெரியாதா? கதவிடுக்கு வழியா பிள்ளை படுத்திருக்கிறது தெரிஞ்சுச்சு. நெத்தியிலயும் கையிலயும் முத்து நெருக்கமா, கெட்டியா. முந்தா நாள் வரைக்கும் அவளோட விளையாடின பிள்ளைங்க, பக்கத்துச் சீனர் வீட்டு ரெண்டு, மாரியண்ணன் வீட்டுக் கைக்குழந்தை ஒண்ணு, அத்தனையும் கண்ணுல வந்து நின்னுச்சு.

துரை என்ன சொல்றாருன்னு கனகம் கேட்டா. நோட்டுல குத்தியாச்சுன்னு இருக்காம், அதனால வீட்லயே இருக்கலாமாம்னேன்.

"அவளுக்குத்தான் குத்தலையே. நோட்டுல யாரு எழுதினது?"

நான் தொப்பியைக் கழட்டி வேர்வையைத் துடைச்சேன். அவளுக்குப் புரிஞ்சு போச்சு.

"முத்தக்கா பிள்ளைன்னா உள்ளதைச் சொல்லத் தெரிஞ்சுது உங்களுக்கு. உங்க பிள்ளைக்கு வாய் வரலியா?"

அந்த வார்த்தையை மலாய்ல எப்படிச் சொல்றதுன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. அதுக்குப் பதிலாத்தான் துவான்கிட்ட உண்மையைச் சொன்னேன். பிள்ளைக்குக் குத்தல, பொய்யா எழுதினது நான், இது பெரியம்மை, வண்டியைக் கூப்பிடுங்க. துவான் என் மூஞ்சியை வெளிச்சப் பக்கம் திருப்பாமலே பாத்தாரு. அப்புறம் அம்மை குத்துறவரை அந்த வரிசையில உள்ள பிள்ளைங்க அத்தனை பேருக்கும் உடனே ஆரம்பிக்கச் சொன்னாரு.

வண்டி வந்துச்சு. கனகம் பிள்ளையைத் துணியில சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய வந்தா. தாய்க்கு அனுமதி இல்லன்னு துவான் சொன்னாரு, முத்தக்காவுக்கு நான் சொன்ன அதே சட்டம். வர்றவங்க அம்மை குத்திக்கிட்டவங்களா இருந்தா மட்டும் யோசிக்கலாம்னும் ஒரு வால் அந்தச் சட்டத்துக்கு இருக்கு. அந்த வாலை நான் முத்தக்காகிட்டச் சொல்லல. அன்னிக்கு எனக்கு அது ஞாபகமே வரல. என் பிள்ளைன்னதும் வந்துச்சு. கனகத்துக்கிட்டச் சொன்னேன். அவ ரவிக்கைக் கையை மேல இழுத்தா. கப்பல்ல வந்தப்போ குத்தின தழும்பு, ரெண்டு வட்டம். அசிங்கம்னு என்கிட்டகூட மறைச்சு வச்சிருந்தது. தெருவே பாத்துக்கிட்டு நிக்க, அதைத் துவான் மூஞ்சிக்கு நேரா நீட்டினா.

"இது உங்க சர்க்கார் போட்ட முத்திரைதானே? அப்ப நானும் ஏறுறேன். இதை மாத்தாம அப்படியே சொல்லுங்க."

மாத்தாம அப்படியே சொன்னேன். என் உத்தியோகத்துல சுத்தமா மொழிபெயர்த்தது அது ஒண்ணுதான். துவான் வழி விட்டாரு.

பயப்படாதீங்க, பிள்ளை பொழைச்சுட்டா. வீடு திரும்ப ஆறு வாரம் ஆச்சு. அக்கம்பக்கத்துப் பிள்ளைங்க ஒருத்தருக்கும் வரல. எனக்கு வேலை போச்சு, ரெண்டு மாசத்துல திரும்பவும் கூப்பிட்டாங்க. நான் திருந்திட்டேன்னு நம்பி இல்ல, இந்த மூஞ்சிக்கு வேற ஆள் கிடைக்கல. இப்ப போற வீட்ல எல்லாம் சட்டத்தோட வாலையும் சேத்துச் சொல்றேன். முத்தக்கா வீட்டுக்குப் போய் நின்னேன், அவங்க தண்ணி குடுத்தாங்க, பேசல. அது அவங்க நியாயம்.

ஆனா எப்பவும் கண்ணுல நிக்கிறது அந்த வண்டிதான். கதவுல நோட்டீஸ் ஒட்டுறது என் வேலை, என் வீட்டுக் கதவுல நானே பசை தடவி ஒட்டிட்டு வந்தேன். வண்டியில முன்னால டிரைவர் பக்கத்துல இலாகா ஆளுக்கு ஒரு இடம், பின்னால நோயாளியோட ஆளுக்கு ஒரு பெஞ்சு. எங்க ஏறப் போறேன்னு டிரைவர் மலாய்ல கேட்டாரு. எங்க ஏறப் போறீங்கன்னு கனகம் தமிழ்ல கேட்டா. நான் வண்டியோட வெளிப்பக்கப் படிப்பலகை மேல ஏறி நின்னேன். ஒரு கை முன் ஜன்னல்ல, ஒரு கை பின் ஜன்னல்ல. பின் ஜன்னலுக்குள்ள இருந்து சூடா ஒரு சின்னக் கை என் விரலைப் பிடிச்சுக்கிச்சு. முன் ஜன்னல் வழியா, ஆளுங்களை ஒதுங்கச் சொல்லிக் கத்துன்னு டிரைவர் சொன்னாரு. நான் வழியெல்லாம் மலாய்ல ஒருக்கா, தமிழ்ல ஒருக்கான்னு கத்திக்கிட்டே போனேன்.