பன்னிரண்டு கூடைகளின் கணக்கு

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நிறுத்தி மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார்கள். அதனால் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். மெதுவாக வரும், பொய்யாக வராது.

கடைசி மகள் கணக்குப் படித்த கதை இது. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போக அவளுக்குக் கொஞ்சம் புள்ளி குறைந்துவிட்டது. ரிசல்ட் வந்த அன்று அடுப்படியில் குந்திக்கொண்டு, "இனி நானும் கூடையத் தூக்கவா அம்மா?" என்றாள். "அதுக்கு நான் ஒருத்தி போதும்" என்றேன். கொழும்பில் கடைகளில் நின்ற அண்ணன்மார் இரண்டு பேரும் சேர்ந்து, அம்பிட்டிய பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் அவளைச் சேர்த்தார்கள். "கணக்கு மட்டும் படிக்கவா மூணு வருசம்?" என்று லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். "உங்களுக்குக் கூட்டத் தெரிஞ்சா போதும், அவளுக்குக் காரணம் தெரியணும்" என்பேன். அது என்ன காரணம் என்று எனக்கும் தெரியாது.

கடைசி வருடம் அவள் ஓர் ஆய்வு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. வயது ஏற ஏற ஒரு பெண் பறிக்கிற கொழுந்து எவ்வளவு குறைகிறது, மழை நாளில் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கப் போவதாகச் சொன்னாள். எங்கள் கங்காணிக்குக் கீழே என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள். சாயங்காலம் நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை ஒவ்வொருத்தியின் எடையையும் உரக்கச் சொல்லுவார். பன்னிரண்டையும் மனதில் போட்டுக்கொண்டு வந்து அவளிடம் ஒப்பிப்பேன். முதலாம் ஆள், இரண்டாம் ஆள் என்று கொப்பியில் எழுதிக்கொள்வாள். மூன்று மாதம். ஒரு கிலோ கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது.

பிறகு ஒரு நாள் வந்தவள், தோளில் கிடந்த பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"அம்மா, நெசமாத்தான் சொன்னீங்களா?"

"என்னத்த?"

"கிலோவ. நான் வீட்டுல உக்காந்து இட்டுக்கட்டி எழுதினேன்னு சார் சொல்றாரு."

எத்தனை கிலோ எத்தனை தடவை வந்தது என்று கொப்பியில் ஒரு படம் கீறிக் காட்டினாள். வலப் பக்கம் மலைச்சரிவு மாதிரி மெல்ல இறங்கியது. இடப் பக்கம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தியால் ஒரே வெட்டாக வெட்டினது போல் நின்றது. தோட்டத்தில் பதினெட்டுக் கிலோ பறித்தால்தான் முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரை நாள். எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருத்திகூட மூன்று மாதமும் பதினெட்டுக்குக் கீழே போகவில்லை. அப்போது ஐம்பத்தெட்டு வயதான நானும் இருபது வயதுக்காரியும், மழையும் வெயிலும், அந்த வெட்டுக்கு எல்லாம் ஒன்று. மனிதர் கையால் செய்கிற வேலை இப்படி வராது என்றாராம் அவளுடைய ஆசிரியர். ஒரு வாரத்துக்குள் உண்மையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வும் செல்லாது, பட்டமும் இல்லை.

எனக்குக் காரணம் அப்போதே தெரிந்துவிட்டது. அவளிடம் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நிறுக்கப் போகுமுன் நாங்கள் ஒருத்தி கூடையை ஒருத்தி பார்ப்போம். நிறைந்தவள் குறைந்தவளின் கூடையில் இரண்டு கை அள்ளிப் போடுவாள். ஒருத்திக்கு முழங்கால் வீக்கம், ஒருத்திக்கு ஏழு மாதம். கேட்பதும் இல்லை, நன்றி சொல்வதும் இல்லை. கங்காணி கண்டும் காணாமல் போவார். தோட்டத்தை நடத்துகிற தொரைக்குத் தெரிந்தால் முழு நாளுக்கான பதினெட்டு இருபதாகும், அள்ளிப் போட்டவளுக்கும் அரை நாள் விழும். அதனால் வீட்டிலும் இதைப் பேசுவதில்லை. மகளை நான் கூடைப் பக்கமே விட்டதில்லை, அவளுக்கு எப்படித் தெரியும்?

இரண்டு நாள் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. அடுப்பில் வைத்த தேத்தண்ணி வற்றிக் கரிந்தது. மலையில் கை ஓடவில்லை. "என்னம்மா, முத்தல் எலயாப் போடுற?" என்று கங்காணி ஏசினார். மூன்றாம் நாள் என் கூடை பாதிதான் நிறைந்திருந்தது. நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கும்போது யாரோ அதில் அள்ளிப் போட்டார்கள்.

"போடாதீங்கடி" என்று கத்திவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப ஒங்க மக பாஸாக நாங்க அரை நாள் வாங்கணுமாக்கும்" என்றாள் எங்களில் இளையவள்.

"நல்லாப் படிக்க வச்சீங்க அக்கா. கணக்குப் படிச்சி மொதல்ல நம்மளத்தான் புடிச்சிருக்கா" என்றாள் இன்னொருத்தி. யாரும் சரியாகச் சிரிக்கவில்லை.

முழங்கால் வீங்கினவள்தான் கடைசியில் பேசினாள். "தெனம் விழுற ரெண்டு கையும் என் கூடையிலதான். நான் சொல்றேன், போய்ச் சொல்லு. தோட்டத்தச் சொல்லாத, பேரச் சொல்லாத. மாரியம்மா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

மறுநாள் மகளோடு வத்தேகம டவுனில் பஸ் ஏறினேன். பல்கலைக்கழகத்தில் கண்ணாடிக் கதவும் கதிரைகளும் பளபளவென்று இருந்தன. ஒரு கதிரையிலும் என்னால் உட்கார முடியவில்லை. ஆசிரியர் யாழ்ப்பாணத்து மனிதர்.

"இருங்கோ அம்மா. என்ன விசயம்?"

"நிக்கிறேன் சார்" என்று நின்றபடியே சொன்னேன். கேட்டு முடித்து, "எந்தத் தோட்டம்?" என்றார்.

"சொல்ல மாட்டேன்."

"கங்காணியை ஒருக்கா விசாரிச்சால்..."

"வேணாம் சார்."

"அப்ப நான் எதை நம்பிறது, சொல்லுங்கோ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தனித்தனியாப் பாத்தா நம்ப ஏலாதுதான். பன்னெண்டையும் கூட்டிப் பாருங்க. மழைக்குக் குறைஞ்சிருக்கும், திருவிழாவுக்கு மறுநாள் குறைஞ்சிருக்கும், செடிக்கு ஒரம் போட்டுக் கொஞ்ச நாள் போனா ஏறியிருக்கும். அத இவ வீட்டுல உக்காந்து எழுத முடியுமா?"

அவர் கொப்பியைத் திறந்தார். மகள் மழைக் கணக்கு வைத்திருந்தாள், அதைப் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொரு நாளாகக் கூட்டினார்கள். அந்த அரை மணித்தியாலம் நான் யன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன்.

"ஓம்" என்றார் கடைசியில். "மொத்தம் சரியாத்தான் ஏறி இறங்குது. பிள்ளை, தராசிலை நிண்டது ஒரு ஆளின்ரை கொழுந்தில்லை, பன்னிரண்டு பேரின்ரையும். அப்படித் திரும்ப எழுதும். பெயர் ஒண்டும் வேண்டாம்."

பஸ்ஸில் மகள் கொப்பியை மடியில் வைத்து முதலிலிருந்து புரட்டினாள். பிறகு, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அம்மா" என்றாள். "ஒன்ன அந்தக் கூடைக்கு வெளியிலதான வளத்தேன்" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது பதிலாக இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது.

திரும்ப எழுதினாள், நடுத்தரமான புள்ளி, பட்டம் வந்தது. இப்போது பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். ஆனால் அந்த ஆய்வு அவர்களுடைய அலுமாரியில் கிடக்கிறது என்று நினைத்து, நான் வேலையை விடும்வரை, தொரை தராசுப் பக்கம் வந்தாலே கூடையோடு கடைசி ஆளாகப் பின்னுக்குப் போய் நிற்பேன். முழங்கால்காரி செத்துப்போய்விட்டாள். மற்றவர்களில் சிலரின் மருமகள்கள் இன்னும் அதே மலையில் பறிக்கிறார்கள். அவர்களும் அள்ளிப் போடுவார்கள்தானே. இப்போது நானே உட்கார்ந்து இதை எழுதிவிட்டேன்.

பேத்தியைக் கூப்பிட்டேன். "இங்க வா தங்கம். இத மொதல்ல இருந்து சத்தமா வாசி. அவசரப்படாத. எங்கயாவது ஒருத்தி பேரோ தோட்டத்துப் பேரோ எழுதியிருந்தேன்னா, அங்கயே நிறுத்து."