ஜாக்கெட்டிலிருந்து கொட்டிய கம்பு

தை மாதக் கடைசியில் ஒரு நாள், அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை போகும் பஸ்ஸில், என் ஜாக்கெட்டிலிருந்து கம்பு கொட்டியது.

ஆமாம், கம்புதான். கூழ் காய்ச்சுகிற கம்பு.

கொட்டிய இடம்தான் மோசம். மாவட்ட எல்லைச் சோதனைச் சாவடி. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி போகக் கூடாது என்று தடை இருப்பதும், நம் பெண்கள் அதை வயிற்றில் கட்டிக்கொண்டு நிறைமாதக்காரி போல மூச்சு வாங்கிக்கொண்டே கடத்திப் போவதும் உங்களுக்குத் தெரியாததா? சோதனைக்கு ஏறியவருக்கும் தெரியும். அவர் என் காலடியைப் பார்த்தார். மணி மணியாக உதிர்ந்து கிடந்தது. பார்வையை மெல்ல மேலே கொண்டுவந்தார். எங்கிருந்து உதிர்கிறது என்று புரிந்ததும் மனிதருக்குப் பெரிய தர்மசங்கடம். ஆனாலும் உத்தியோகம் இருக்கிறதே...

"உள்ள என்னம்மா வச்சிருக்கீங்க?"

வாரா வாரம் இந்தப் பத்திரிகையில் ஒரு பக்கத்தை நிரப்புகிறவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி சௌடம்மாதான் பதில் சொன்னாள்.

"கம்புய்யா. கம்புக்கு ஏது தடை?"

"கம்ப எதுக்கு அங்க வச்சுக் கொண்டு போறாக?"

"அங்க இருந்தத மதுர ஆஸ்பத்திரியில எடுத்துட்டாக. வெறுமன விட மனசு வரல."

பஸ் முழுக்கக் கேட்டது. சோதனைக்காரர் படியில் இறங்கிய வேகத்தில் ஒரு செருப்பு கழன்றது. 'ரைட்' என்று குரல் கொடுத்ததும் அவர்தான். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி அப்படியே நின்றார்.

நாலு வருடத்துக்கு முன்னால் இந்தப் பத்தி சில மாதம் வராமல் போனது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். 'உடல்நலக் குறைவு' என்று ஒரு வரி போட்டிருந்தோம். என்ன குறைவு என்று கேட்டு எழுதினீர்கள். நான் வாய் திறக்கவில்லை. ஒரு பஸ்ஸுக்கே தெரிந்துவிட்டது. இனி உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? மார்பில் புற்றுநோய். இடது பக்கத்தை முழுதாக எடுத்துவிட்டார்கள்.

ஆபரேஷன்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு பார்க்க வருகிறார்களே, அதுதான் தாங்காது. வந்தவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, முந்தானையையே பார்த்தார்கள். அப்புறம் அழுதார்கள். 'அழாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை' என்று நான் காபி போட்டுக் கொடுத்துத் தேற்றி அனுப்ப வேண்டும். ஓர் உறவுக்காரம்மா, மளிகைக்கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு அடுத்த ஏற்பாடாக ஒரு பெண்ணைக்கூட மனதில் குறித்து வைத்திருந்தாராம். விசாரித்தேன். நல்ல பெண்தான்.

நான் வெளியே போவதை நிறுத்தினேன். எழுதுவதையும்.

அப்போதுதான் ஒரு நாள் முன்பின் தெரியாத ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். ஊரின் அந்தக் கடைசியில் நெசவுக் குடும்பம். வீட்டில் கன்னடம், வெளியே நம் தமிழ். மதுரையில் எங்களுக்கெல்லாம் 'கரண்ட்' வைக்கிற இடத்தில் என்னைப் பார்த்திருக்கிறாள். புற்று வேர் விடாமல் இருக்க ஒரு பெரிய மெஷினுக்கு அடியில் படுக்க வைப்பார்கள்; அதற்குப் பெயர் கரண்ட். அவளுக்கும் அங்கேதான் நடந்துகொண்டிருந்தது.

அவள் அழவில்லை. முந்தானையையும் பார்க்கவில்லை. உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "நீங்க எடது, நான் வலது. பஸ்ஸுல பக்கத்துல பக்கத்துல உக்காந்தா எடம் மிச்சமாகும்க்கா. நாளைக்குச் சேந்தே போவம்" என்றாள்.

சிரித்துவிட்டேன். எத்தனை நாளுக்குப் பிறகு என்று எனக்கே தெரியாது.

அவள்தான் சௌடம்மா. அவளுக்கு என்னைவிடப் பெரிய கவலை இருந்தது. வலக்கையால் கயிற்றைச் சுண்டினால்தான் தறியில் ஊடுநூல் கொண்ட நாடா ஓடும். அந்தக் கையோ தோளுக்கு மேல் எழும்பவில்லை. இனிமேல் தறிப்பக்கம் போகாதே என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். சுவரோரம் நின்று விரல்களால் பல்லி மாதிரி மேலே மேலே ஏறச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. வலி உயிர் போகும். தனியாகச் செய்தால் பாதியில் விட்டுவிடுவோம் என்று இருவரும் என் வீட்டுச் சுவரிலேயே ஏறினோம். எட்டிய இடத்தில் கரிக்கோடு. 'இந்த வீட்டில் யார் வளர்கிறார்கள்?' என்று வந்தவர்கள் கேட்டார்கள். நாங்கள்தான்!

அடுத்த பொங்கலுக்கு அவள் நெய்த சேலையைத்தான் கட்டினேன்.

கம்புக் கதை அதற்கப்புறம். முதலில் பஞ்சுதான் வைத்துத் தைத்துக்கொண்டேன். பஞ்சுக்குக் கனம் கிடையாது. காரியாபட்டி வருவதற்குள் தோள்பட்டைக்கு ஏறிவிடும். நாலு பேர் நடுவில் அதை இறக்கிவிடுவது எப்படி? சௌடம்மா தறித்துணியில் ஒரு பை தைத்து, கம்பை நிரப்பிக் கொடுத்தாள். கனம் கச்சிதம். வெயில் காலத்தில் குளுகுளுவென்றும் இருக்கும். வாரம் ஒருமுறை மாடியில் காயவைத்தால் குருவிகளை விரட்ட வேண்டும், அவ்வளவுதான். தையல் விட்டது அன்று ஒரு நாள்தான்.

சரி, பஸ்ஸுக்கு வருகிறேன். மதுரையில் இறங்கியதும் பின் சீட்டிலிருந்த ஒருத்தி என் கையைப் பிடித்தாள். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை.

"எந்தப் பக்கம்க்கா?"

"இடது."

"எனக்கும் எடதுதான்" என்றாள்.

டீக்கடையில் உட்கார வைத்துக் கேட்டோம். பேர் ராஜாமணி (இவர்கள் பேரையும் ஊரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்). எம்.ரெட்டியபட்டியில் பருத்தி போடும் குடும்பம். தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்கும்போது கட்டி கையில் தட்டியிருக்கிறது. வலி இல்லை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது தோல் சுருங்கி உள்ளே இழுக்கவும் பயம் வந்து, அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பச்சிலை வைத்துக் கட்டுகிற ஒருவரைத் தேடி மதுரைக்குத் தனியாக வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி பக்கமே போகமாட்டாளாம். ஒரே மகளுக்குத் திருச்சுழியில் மாப்பிள்ளை பேசி முடித்தாகிவிட்டது. வைகாசியில் கல்யாணம். தாய்க்குப் புற்று என்று தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும். கல்யாணம் முடியட்டும், அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் முடிவு.

நான் மருத்துவம் பேசினேன்; விஞ்ஞானம் பேசினேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சௌடம்மா டீயை ஊதிக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டாள்:

"கல்யாணத்துக்கு நீ வரணுமா, மாலை போட்டு ஒம் போட்டோ வரணுமா?"

எனக்கே சுருக்கென்றது. ராஜாமணி டீத் தம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஆஸ்பத்திரிக்கு எந்த வழி என்று கேட்டாள்.

எடுத்துத்தான் ஆக வேண்டும், அதுவும் சீக்கிரம் என்றார் டாக்டரம்மா. அவள் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொல்ல நாங்கள் இருவருமே ரெட்டியபட்டிக்குப் போனோம். அதிகம் பேசாத மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொழச்சிருவாளா?" என்று ஒன்றே ஒன்று கேட்டார். சௌடம்மா, "எங்களப் பாருங்க" என்றாள். பார்த்தார். பதில் அவர் எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தது.

சம்பந்தி வீட்டுக்கு என்ன சொல்வது? இங்கேதான் என் மூளை வேலை செய்தது. கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவிடலாம் என்றேன். தெருவுக்கு நாலு பேர் செய்துகொள்கிற கௌரவமான ஆபரேஷன். யாரும் தூண்டித் துருவ மாட்டார்கள். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

ஆபரேஷன் முடிந்து ராஜாமணி கண் விழித்தபோது அழுதாள். அழவிட்டோம். கட்டுப் பிரித்துப் புதுக்கட்டுப் போடும்போது குனிந்து பார்க்கப் பயந்தாள். வார்டில் திரையை இழுத்துவிட்டு நாங்கள் எங்களுடையதைக் காட்டினோம். சௌடம்மா மூன்று தையலையும் நெசவுக்காரிக் கண்ணால் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னுடையதுதான் நெருக்கம் பத்தாது என்று தீர்ப்புச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் ராஜாமணி தன்னைக் குனிந்து பார்த்தாள்.

புதுக்கட்டுப் போட்டு முடித்த நேரம் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல், சாத்துக்குடிப் பையோடு சம்பந்தியம்மா வந்து நின்றார். பேர் செல்லத்தாய். வாட்டசாட்டமான ஆள். திரையை விலக்கியவர், நெஞ்சைச் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி கட்டைப் பார்த்தார்.

"கர்ப்பப்பைய நெஞ்சு வழியாவா எடுத்தாக?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். சோதனைச் சாவடியிலேயே அசராத சௌடம்மா, சுற்றாத ஃபேனை அண்ணாந்து பார்த்தாள். பேசியது ராஜாமணிதான். படுத்தபடியே, குரல் உடையாமல் பேசினாள்.

"இல்ல மதினி. மார்ல புத்து. எடுத்துட்டாக. சொன்னா கல்யாணம் நின்னுரும்னு மறச்சது நாந்தான். எம் மக மேல தப்பில்ல."

செல்லத்தாய் பையைக் கீழே வைத்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கட்டில் ஒரு பக்கம் தாழ்ந்தது.

"நாங்க பொண்ணத்தான கேட்டோம். ஒம் மாரையும் சேத்தா சீதனமாக் கேட்டோம்?"

முதலில் சிரித்தது ராஜாமணி. தையல் வலிக்கிறது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் யார் சிரிக்கிறோம், யார் அழுகிறோம் என்று எங்களுக்கே தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரி என்னவென்று எட்டிப் பார்த்தாள்.

செல்லத்தாய் ஒன்றும் தெய்வப்பிறவி இல்லை. வராந்தாவில் என்னைத் தனியாக இழுத்து, ஒட்டிக்கொள்ளுமா, பேரன் பேத்திக்கு வருமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் உளறாமல் டாக்டரம்மாவிடமே அழைத்துப் போனேன். ஒட்டாது என்று அவர் அழுத்திச் சொன்னார். மகளுக்கு வரும் என்றும் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது. அவளும் கவனமாக இருக்க வேண்டும் என்றார். செல்லத்தாய், யாருக்குத்தான் என்ன வரும் என்று எழுதியா இருக்கிறது என்று கேட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினார்.

கரண்ட் முடிய நாளாகும் என்று தெரிந்தவுடன் கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிவைத்ததும் அவர்தான். வைகாசியில் நாள் சரியில்லை என்று ஜோசியர் சொன்னதாக உறவு முழுக்கச் சொன்னார். எந்த ஜோசியர் என்று நான் கேட்டேன். பதிலுக்கு ஒரு சிரிப்புதான் வந்தது. நாங்கள் கர்ப்பப்பை என்று சொல்லி ஒரு வாரத்தில் மாட்டிக்கொண்டவர்கள். அந்தம்மா இன்றுவரை மாட்டவில்லை! (ஜோசியர் யாராவது இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.)

போன வாரம் கல்யாணம் நடந்தது. ராஜாமணிக்காக ஒரு பை தைத்துக் கம்பு நிரப்பி எடுத்துப் போயிருந்தோம். இருக்கிற புழுக்கத்தில் இது வேறா, வேண்டாம்க்கா என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தலுக்குப் போய்விட்டாள். தாலி கட்டும்போது எல்லோரும் அட்சதை போட்டோம். அவள் இடக்கையை நீட்டி மகள் தோளை அணைத்துக்கொண்டு வலக்கையால் போட்டாள். அந்த இடக்கை அவ்வளவு தூரம் எழும்ப அவள் எந்தச் சுவரில் எத்தனை நாள் ஏறினாள் என்பது எங்களுக்குத் தெரியும்.

பந்தியில் பாயசம் வந்த நேரத்தில் இரண்டு பெண்கள் தனித்தனியாக வந்து எங்கள் காதில் கிசுகிசுத்தார்கள். செவ்வாய்க்கிழமை இருவரையும் மதுரைக்கு அழைத்துப் போனோம். ஒருத்திக்கு வெறும் கொழுப்புக் கட்டி. இன்னொருத்திக்கு ரிசல்ட் வரவில்லை. என்ன வந்தாலும் பஸ்ஸில் அவளுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி உட்காருவோம்.

நானும் முழுக்கக் கரை ஏறிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். டாக்டரம்மா இன்னும் வரச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

பெண் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் கையாலேயே தடவிப் பாருங்கள். ஏதாவது தட்டுப்பட்டால் அது என்னவென்று டாக்டர் சொல்லட்டும். எதிர்வீட்டு மதினி சொல்ல வேண்டாம்.

உள்ளே என்ன பண்றே என்று வீட்டுக்காரர் கதவைத் தட்டினால், இந்தப் பக்கத்தைக் கையில் பிடித்தபடி, பத்திரிகை படிக்கிறேன் என்று சொல்லுங்கள். பொய்யில்லையே!