சுதனின் புருவத்துத் தழும்பும் ஸ்டூடியோ ராசனும்

வியாழக்கிழமை காலை, வாயில் பிரஷ்ஷோடு தொலைபேசியை எடுத்தேன். "அண்ணை, அவர் போயிட்டார்," என்றார் ஸ்டூடியோ ராசனின் மனைவி. வெள்ளவத்தையில் அவரிடம் கலியாணப் படம் பிடித்தவர்களே, ஒருமுறை எழுந்து நில்லுங்கள். ராசன் கம்ப்யூட்டரில் வெளுப்பாக்கி லண்டனுக்கும் கனடாவுக்கும் அனுப்பிய முகங்களை வரிசையாக நிறுத்தியிருந்தால், கொழும்பின் காலி வீதிக்குத் தெருவிளக்கே தேவைப்பட்டிருக்காது.

"கறுப்பைக் குறைக்கலாம் மச்சான், கள்ள முழியைக் குறைக்க ஏலாது," என்பார், என் படத்தைப் பார்த்துக்கொண்டே.

யுத்தம் உக்கிரமாக நடந்த நாட்களில் அக்காவின் மகன் சுதனை அவரிடம் கூட்டிப்போனேன். லண்டன் சம்பந்தம். சுதனின் ஒரு புருவத்தில் கிரிக்கெட் பந்து பிளந்த தழும்பு. "அதை எடுத்துவிடும் ஐசே, பொம்பிளை வீட்டார் சண்டியன் எண்டு நினைப்பினம்," என்று ராசனுக்கு உத்தரவிட்டேன்.

"அப்ப கலியாணத்தண்டு இதை எங்க ஒளிக்கிறது மாமா?" என்று சுதன் சிரித்தான்.

ராசன் பத்து நிமிடத்தில் அழித்தார். புதிய படத்தைப் பழையதின் மேலேயே சேமித்தும் விட்டார். பிலிம் காலமென்றால் நெகட்டிவ் எங்காவது கிடந்திருக்கும். டிஜிட்டல் என்ற மகா அவதாரத்துக்கு மிச்சம் வைக்கிற பழக்கமில்லை.

அடுத்த மாதம், வேலைக்குப் புறப்பட்ட சுதனை இலக்கத்தகடில்லாத ஒரு வெள்ளை வான் கடத்திக்கொண்டு போனது. ஆல்பங்கள் யாழ்ப்பாணத்தில், பாதையோ மூடியிருந்தது. தேடுவதற்குக் கையில் இருந்தது அந்த மாப்பிள்ளைப் படம் மட்டுமே. அக்கா ஸ்டூடியோவில் திரைக்கு முன் இருந்து, வெளுத்த பிள்ளையைத் திரும்பக் கறுப்பாக்கினாள். "இன்னும் கொஞ்சம், ராசன்... ஓம், இப்பதான் என்ர பிள்ளை." தழும்பு இருந்த புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். பிறகு தாங்க முடியாமல் வெளியே போய்விட்டாள்.

கமராவைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்ற தோரணையில் குறுக்கிட்டேன். "படத்தில இடம் வலம் மாறும். மற்றப் பக்கம் போடும்."

"கமரா கண்ணாடி மாதிரி மாத்தாது மச்சான்."

"எனக்கே படிப்பிக்கிறீரோ?"

போட்டார். அந்த முகத்தைப் பார்க்கமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டதால், படங்களைக் கொண்டு திரிந்தவன் நான். தடுப்பு முகாமிலிருந்து விடுதலையான ஒருவர் கொட்டாஞ்சேனையில் இருந்தார். முதல் வாரமே பார்த்துவிட்டு, "இவரில்லை" என்றார். மூன்று மாதம் கழித்து அக்கா தானே படத்தோடு அவரிடம் போனாள்.

"இவரைப் போல ஒரு பெடியன் எங்கட முகாமில இருந்தவன் அம்மா. அவனுக்குத் தழும்பு மற்றப் பக்கமெல்லோ. இப்ப அங்க ஒருத்தரும் இல்லை. எங்க கொண்டு போனாங்களோ."

அக்கா நேரே ஸ்டூடியோவுக்கு வந்தாள். "நான் காட்டின பக்கத்தை ஏன்டா மாத்தினாய்?"

ராசன் என்னைப் பார்த்தார். மூச்சு விடாமல் மூன்று நாள் கதைக்கக்கூடிய நான், கமராத் தாங்கியின் கால்களை எண்ணிக்கொண்டிருந்தேன். "என்ர கை பிழைச்சுது அக்கா," என்றார் அவர்.

பிறகு ஒருமுறைதான் அதைப் பற்றிப் பேசினார். "உமக்கு இருக்கிறது ஒரேயொரு அக்கா, மச்சான்."

செத்தவீட்டுக்கு அக்கா வரவில்லை. "என்ர பிள்ளையை இல்லாமல் ஆக்கினவன்," என்றாள்.

ராசனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் எனக்காகச் சொன்ன அந்த ஒரு பொய்யைத்தான். இனியும் அதை வைத்திருக்க எனக்கு உரிமையில்லை. அக்கா, ராசனின் கை பிழைக்கவில்லை. மற்றப் பக்கம் போடச் சொன்னவன் நான்.