சோத்தாங்கைப் பக்கத்துச் சத்தம்

அப்பா சண்டையிலிருந்து திரும்பி வந்த புதிதில் நான் அவரை "அவரு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பட்டாளத்து லாரி ஓட்டப் பஸ்ராவுக்குப் போனபோது நான் தவழ்ந்துகொண்டிருந்தேனாம். திரும்பி வந்தபோது எனக்குப் பால்பல் விழத் தொடங்கியிருந்தது. இடையில் இருந்த காலத்தில் அப்பா எங்கே என்று நான் கேட்டால், அம்மா கொட்டகையில் நின்ற மோட்டார் காரைத்தான் காட்டுவாள். "இதுதான் உங்கப்பா வண்டி, தொடாதே" என்பாள். அதோடு அப்பாவைப் பற்றிய என் ஞானம் முடிந்தது.

காருக்குச் சொந்தக்காரர் ஒரு வெள்ளைக்காரத் துரை. அப்பா அவருக்கு டிரைவர். பெரிய சண்டை வந்ததும் துரை பட்டாளத்துக்குப் போனார், போகும்போது அப்பாவையும் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஜாலான் புசார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த கொட்டகையில் காரை மரக்கட்டைகள் மேல் தூக்கி, சக்கரம் தரையில் படாமல் நிறுத்தினார்கள். கொட்டகையை ஒட்டியிருந்த அறையில் நானும் அம்மாவும் காவல். அம்மா இடியாப்பம் அவித்து விற்று என்னையும் வளர்த்தாள், காரையும் பார்த்துக்கொண்டாள்.

சும்மா சொல்லக் கூடாது, காருக்குக் கிடைத்த உபசாரத்தில் பாதி எனக்குக் கிடைத்ததில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக இறைத்து, கூரையாக இருந்த மேல்துணியிலிருந்து சக்கரங்களின் நடுக்குடம் வரைக்கும் ஊற்றிக் குளிப்பாட்டுவாள். பிறகு சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. "இத ஓட்டுறவரு நல்லபடியா வந்து சேரணும், தாயே" என்று ஒவ்வொரு வாளிக்கும் ஒரு தடவை சொல்வாள்.

நல்லபடியாகத்தான் வந்து சேர்ந்தார். ஆனால் வாயைத் திறக்க மாட்டார். எங்கேயாவது ஒரு பாத்திரம் விழுந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை உருட்டி வாசலைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நான் பயந்து செத்தேன். அம்மாவும் பயந்தாள் என்பது, அவள் சட்டியைப் பூனைபோல் இறக்கி வைத்ததிலிருந்தே எனக்குத் தெரிந்தது.

கூடவே திரும்பியிருந்த துரை சொன்னதன்பேரில் அப்பா காரைக் கட்டையிலிருந்து இறக்கினார். எண்ணெய் மாற்றி, டயருக்குக் காற்றடித்து, முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றியதும் இஞ்சின் கிளம்பிவிட்டது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கார் சந்து முனையைத் தாண்டவில்லை, அதற்குள் பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. வேகம் கூடக் கூட அது ஊளையாக மாறியது. அத்தனை வருஷம் பூட்டிக் கிடந்த கொட்டகையில் எதுவோ குடிபுகுந்து, இப்போது காரோடு புறப்பட்டுவிட்டது என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

அப்பா முகம் கறுத்துத் திரும்பி வந்தார். "வெள்ளிக்கிழமை துரைசாணி கப்பல்ல வந்து இறங்குறாங்க. அவங்கள ஏத்திக்கிட்டு வர்றப்போ அச்சு ஒடிஞ்சா அவ்வளவுதான். வேலையும் போச்சு, இந்த வீடும் போச்சு. நாகப்பட்டணத்துக்குக் கப்பலேற மூட்டையக் கட்ட வேண்டியதுதான்." வந்ததிலிருந்து அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. நாகப்பட்டணம் எனக்கு ஒரு பெயர் மட்டுமே. இந்த அறையையும் கொட்டகையையும் தவிர எனக்கு வேறு ஊர் ஏது?

சத்தம் எந்தப் பக்கத்தில் என்று தெரிந்தால்தான் எதைப் பிரிப்பது என்று முடிவு செய்ய முடியும். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு இஞ்சின் இரைச்சலில் அது பிடிபடவில்லை. பின்னால் ஒரு காது வேண்டும். அம்மாவைக் கூப்பிட்டார். "துரைசாணி உக்கார்ற எடத்துல நானா? நல்லா இருக்கே!" என்று அம்மா உள்ளே போய்விட்டாள். அப்புறம் அவர் கண் என்மேல் விழுந்தது. ஐயோ, அப்போதே ஓடியிருக்க வேண்டும்.

பின்சீட்டைக் கழற்றி, அடிப்பலகை ஒன்றையும் எடுத்துவிட்டு, சாக்கை விரித்து என்னைக் குப்புறப் படுக்க வைத்தார். பலகை இருந்த ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. கார் கிளம்பியதும் அந்தத் தரை ஓடத் தொடங்கியது. சிராங்கூன் ரோடு முழுக்க மாட்டுச் சாணியும் கல்லும் என் மூக்குக்குக் கீழே பறந்தன. முனகல் இப்போது என் நெஞ்சுக்குள்ளேயே புகுந்து அதிர்ந்தது. நான் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

டோபி காட் பக்கம், சலவைக்காரர்கள் துணி காயப்போடும் வெளிக்கு அருகே, அப்பா கியரை விடுவித்து இஞ்சினை அடக்கினார். கார் தன் வேகத்தில் உருண்டது. ஊளை மட்டும் நிற்கவில்லை. "இஞ்சின் இல்ல" என்று தமக்குள் சொல்லிக்கொண்டவர், காரை இடதுபக்கம் ஒடித்துத் திருப்பினார். அவ்வளவுதான், கீழே இருந்தது வாயைப் பிளந்து அலறியது.

"எந்தப் பக்கம்? வலமா இடமா? சொல்லு!"

பயத்தில் எனக்கு வலமும் தெரியவில்லை, இடமும் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

"சோறு திங்குற கைப்பக்கமா, பாப்பா?"

கையைப் பார்த்தேன். "சோத்தாங்கை! சோத்தாங்கைப் பக்கம்!" என்று கத்தினேன்.

கொட்டகைக்கு வந்ததும் ஜாக்கி வைத்து வலது பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினார். மரக்குச்சியின் ஒரு முனையை அச்சில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். தலையாட்டினார். சக்கரத்தை இழுத்துக் கழற்றியபோது நடுக்குடத்துக்குள்ளிருந்து சிவப்பாகத் தண்ணீர் வழிந்து அவர் கையெல்லாம் நனைந்தது.

"ரத்தம்!" என்று நான் போட்ட கூச்சலில் அம்மா அகப்பையோடு ஓடி வந்தாள்.

அது துருத் தண்ணீர். ஓடுகிற வண்டியாக இருந்தால் சூட்டில் கொஞ்சமாவது காய்ந்திருக்கும். நின்ற இடத்திலேயே நின்ற வண்டிக்கு, ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்கி, பேரிங் குண்டுகளை அரித்துத் தின்றிருந்தது. இது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. அப்பாவுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. குடத்தின் விளிம்பில் அப்பியிருந்த பழைய குங்குமத்தை விரலால் சுரண்டினார். கிணற்றடியைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"என்னங்க, நான் ஏதும் குறை வச்சிட்டேனா?" என்றாள் அம்மா.

அப்பாவின் கை மேலே போனது. அடிக்கப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் நெற்றி வியர்வையைத்தான் துடைத்துக்கொண்டார்.

"நீ என்ன பண்ணுவே? போறப்ப நான்தான் கிரீஸ் வைக்காமப் போயிட்டேன். அவசரத்துல மறந்துட்டேன்."

சொல்லி வைத்தாற்போல் துரை வந்து நின்றார். கழன்று கிடந்த சக்கரத்தைக் கைத்தடியால் தட்டிக் கத்தினார். அவர் பேசியதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா "துவான், துவான்" என்று மலாயில் ஐயா போட்டபடி தம் மார்பையே தொட்டுத் தொட்டுக் காட்டினார். தடியால் அடித்துவிடுவாரோ என்று நான் நடுங்கினேன். வெள்ளிக்கிழமை சின்னச் சத்தம் கேட்டாலும் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்வதாகத் துரை சொன்னாரென்று அப்பா பிறகு சொன்னார்.

ஜாலான் புசாரில் ஒரு சீனர் பட்டறையில் தேடி, அளவொத்த பேரிங் வாங்கி வந்து மாட்டினார். மறுபடி என்னைக் குப்புறப் போட்டு ஓட்டிப் பார்த்தார். டயர் மண்ணில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளிக்கிழமை துரைசாணி துறைமுகத்தில் ஏறி, வீட்டில் பத்திரமாக இறங்கினார். வேறு டிரைவர் பேச்சைத் துரை எடுக்கவில்லையாம்.

அன்று சாயங்காலம் சோறு பரிமாறும்போது அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை நாள் பயந்த பயமெல்லாம் கோபமாகிவிட்டது போலும். "ஒரு டிரைவர் கிரீஸ் வைக்க மறப்பாரா? புள்ள மாதிரி பாத்துக்கிட்டேனே அந்த வண்டிய! உங்க மறதியால நடுத்தெருவுல நிக்க வேண்டியதாப் போயிருக்குமே! தலை கழுத்துல இருக்கா, கழட்டி வச்சிட்டு வந்தீங்களா?" அவரைப் பார்த்து அவள் இப்படிக் குரலை உயர்த்தியதே இல்லை. போச்சுடா, இப்போது பாத்திரம் பறக்கப் போகிறது என்று நான் மூலையில் ஒண்டினேன்.

அப்பா தலையைக் குனிந்து, "ஆமா, தப்புதான்" என்றார். "தப்புதானாம்!" என்று அம்மா மறுபடி ஆரம்பித்தாள். அவர் தட்டை நகர்த்தி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார், குழம்பும் கேட்டார். அவள் திட்டிக்கொண்டே போட்டாள். இத்தனை திட்டு வாங்குகிற மனுஷன் எதற்காக இப்படிச் சிரித்துக்கொண்டு சாப்பிடுகிறார் என்றுதான் எனக்கு அன்று விளங்கவில்லை.