கொள்ளிடத்து மணலில் ஊதாப்பூ

அப்போதெல்லாம் கோடையில் கொள்ளிடம் வற்றினால் ஸ்ரீரங்கத்து வீடுகளின் துணிகளை வெளுத்து மணலில்தான் காயப்போடுவேன். கடுகளவு ஊதாப்பூ ஒன்று அங்கே உண்டு. துணியில் பட்டால் கறை போகாது. அதனால் அது முளைக்கும் இடமெல்லாம் எனக்கு அத்துப்படி. அதைத் தேடித் திருச்சியிலிருந்து வந்த காலேஜ் வாத்தியாரோ என் பேச்சை நம்பவே இல்லை.

"அது பாலைவனத்துப் பூம்மா. ஆத்துல எப்படி வரும்?"

"தண்ணியில்லாத ஆறு வேற என்னங்க? எந்திரிங்க, அது மேலதான் உக்காந்திருக்கீங்க!"

எழுந்தார். வேட்டியின் பின்பக்கம் ஒரே ஊதா. நசுங்கிய செடியைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இதேதான்!" என்று குதித்தார்.

மறுநாள் அந்த வேட்டியை என்னிடமே வெளுக்கப் போட்டார். கறை போகாது என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அதையும் அவர் நம்பவில்லை. வெளுத்துக் கொடுத்ததும், "உனக்குத் தொழில் தெரியலையேம்மா" என்றார்.