பேக்கப் சிடியில் ரஹ்மத் அக்கா

போன வாரம் மைதீன் அண்ணாச்சி வீடு தேடி வந்துவிட்டார். கையில் ஒரு சிடி. தென்காசியில் நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த காலத்தில் போட்டுக் கொடுத்தது.

"தம்பி, இதுல ரஹ்மத்து பேசுனது எங்கயாவது இருக்கான்னு பாருங்க. பிள்ளைங்க பேசுதது மட்டுந்தான் கேக்குது."

ரஹ்மத் அக்கா அவர் மனைவி. தவறி மூன்று மாதம் ஆகிறது. போட்டோ நிறைய இருக்கிறது. குரல்தான் எங்கேயும் இல்லை.

எனக்குத் திக்கென்றது. ஏன் தெரியுமா?

அண்ணாச்சி அப்போது சவுதியில். அக்கா இரண்டு பெண் குழந்தைகளையும் சென்டருக்குக் கூட்டி வருவார். அவர்கள் மைக்கில் பேசுவதை சிடியில் ஏற்றித் தருவேன். லீவு முடிந்து திரும்புகிற யாராவது கொண்டுபோவார்கள். என்ன அருமையான நாட்கள் அவை!

அக்காவையும் பேசச் சொல்வேன்... ம்ஹூம். என்னை வைத்துக்கொண்டு புருஷனிடம் என்னத்தைப் பேச? பின்னால் நின்று குழந்தைகளுக்கு எடுத்துக் கொடுப்பதோடு சரி. நானோ பெரிய சவுண்ட் இன்ஜினீயர் நினைப்பில் இருந்தவன். அந்தக் குரலை 'டிஸ்டர்பன்ஸ்' என்று ஒரு இடம் விடாமல் வெட்டிவிட்டுத்தான் சிடி போடுவேன்.

ஒரு நல்ல பழக்கமும் இருந்தது — வெட்டும் முன் ஒரிஜினலைத் தனி சிடியில் பேக்கப் எடுத்துவிடுவேன்.

இலஞ்சி வீட்டுப் பரணில் தேடினேன். அக்கா பெயர் எழுதிய சிடிகள் ஏழு கிடைத்தன. எல்லாவற்றிலும் பூஞ்சை. சாரல் ஈரம் எதைத்தான் விட்டுவைத்தது? இப்போதைய லேப்டாப்பில் சிடி போட இடமே கிடையாது. டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி, துடைத்துத் துடைத்துப் போட்டேன். ஆறு சிடி உறுமிவிட்டு நின்றுபோனது. பக்கத்தில் உட்கார்ந்து அண்ணாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது ஓடியது.

"வாப்பா, நல்லா இருக்கீங்களா?" என்றது குழந்தை.

பின்னாலிருந்து மெல்லிய குரல்: "எப்ப வருவீங்கன்னு கேளுட்டி."

"எப்ப வருவீங்க வாப்பா?"

"நேரத்துக்குச் சாப்பிடுதீங்களான்னு கேளு."

"உம்மா அழுதுச்சுன்னு சொல்லட்டா?"

"ஏட்டி, சும்மா கெட!"

அண்ணாச்சி சிரித்தார். அப்படியே அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

"எப்ப வருவீங்கன்னு அவ ஒருநாளும் கேட்டதில்ல தம்பி. போன்லகூட. பிள்ளை தானாக் கேக்குதுன்னுல்லா நெனச்சேன்... அவ கேட்டான்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே கெளம்பி வந்திருப்பேனே."

வெட்டியது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை அண்ணாச்சி வாரம் தவறாமல் படிப்பவர். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.